வாரியத்துப் படி

என் அம்மாவுக்கு நேர் இளையவள் இட்டிச்சிரி. எனக்குச் செறியம்மா, அதாவது சித்தி. வீட்டில் மூத்தவர் சேகர வாரியர், நடுவில் என் அம்மா, அதற்குப் பிறகு இவள். இவளுக்குப் பின் பிறந்த ஒன்று தங்கவில்லை. அதுவரை கோயிலுக்கு மாலை கட்டிவந்த, பாட்டியின் தங்கை பாப்பி வாரஸ்யாருக்குப் பெண் மக்கள் இல்லை. என் அம்மாவோ கல்யாணமானதும் அப்பாவின் உத்தியோகத்தோடு திருச்சூர் போய்விட்டாள். அதனால் ஏறாங்கோட்டு அம்பலத்துக்கு மாலை கட்டும் முறை இட்டிச்சிரியின் கைக்கு வந்தது. வரும்போது அவளுக்கு மீசை முளைக்காத பையன்களை மிரட்டுகிற வயது. அந்த மிரட்டல் குணம் கடைசிவரை போகவில்லை.

ஆள் குள்ளம். கை மட்டும் அகலம். துளசி கிள்ளிக் கிள்ளி விரல் நுனி எப்போதும் பச்சையாக இருக்கும், சோறு பிசைந்தாலும் போகாது. அவள் கணவர் அச்சுத வாரியர் பேரோக்கில் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். அவர் வந்து உட்கார்ந்திருந்தாலும் மாலை முடிந்த பிறகுதான் காப்பி.

"தேவருக்குக் கட்டினது போக மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு கட்டேன்" என்பார் அவர்.

"உங்களுக்கு என்ன அவசரம்? கடைசியா ஒண்ணு போடத்தானே போறேன்" என்பாள் இவள். இதைச் சொல்லிவிட்டு இருவரும் சிரிப்பார்கள். கேட்கிறவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள்.

அவள் கட்டுகிற உண்டமாலையைப் பார்க்க ஒற்றப்பாலத்திலிருந்து ஆட்கள் வந்ததுண்டு. தெச்சி என்கிற வெட்சிப்பூவும் துளசியும் வாழைநாரில் இறுகி, கை நுழையாத அளவு நெருக்கமாக, உருட்டிவிட்டால் உருண்டு போகிற மாதிரி இருக்கும். ஆனால் அவளுக்கு அந்த மாலையில் இருந்த பெருமை ஒரு பங்கு என்றால், அதை வைக்கிற இடத்தில் இருந்த பெருமை மூன்று பங்கு.

எங்கள் அம்பலத்தில் கருவறைக்கு ஏறும் சோபானம் என்ற படிக்கட்டு குறுகலானது, செங்குத்தானது. இரண்டு பக்கமும் யாளி வாய் பிளந்த கைப்பிடிக் கல். அதில் ஏற, பூஜை செய்யும் சாந்திக்காரர்களுக்கும் அவர்களுக்கு மேலான தந்திரிக்கும் மட்டும்தான் உரிமை. கோயில் பாட்டுக்காரரான மாரார் படிக்கு இடப்பக்கம் தரையில் நின்று இடக்கை என்ற வாத்தியத்தைக் கொட்டிப் பாடுவார். மாலையைக் கையோடு கை கொடுக்கக் கூடாது, சாந்திக்காரரின் சுத்தம் போய்விடும். தரையிலும் வைக்கக் கூடாது, தரையில் விழுந்த பூ துடைப்பத்துக்குத்தான். அதனால் வாரியர் வீட்டுப் பெண்ணான வாரஸ்யார் குளித்த ஈரமுண்டோடு வந்து, நாக்கிலை என்ற நுனி வாழையிலையில் சுற்றிய மாலையைச் சோபானத்தின் அடிப்படியில் வைத்துவிட்டு நகர வேண்டும். சாந்திக்காரர் மேலிருந்து இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். அந்த அடிப்படி வாரியத்துப் படி, எங்கள் வீட்டுப் படி. எப்போது கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. கிடைத்தது என்றே யாரும் நினைக்கவில்லை. ஈர மாலை இருந்து இருந்து அந்தக் கல்லில் ஒரு வட்டம் கறுத்துப் போயிருந்தது. "இது பாப்பி சின்னம்மா வச்ச கறை, அதுக்கு அடியில இருக்கறது அவங்க அம்மா வச்சது" என்று செறியம்மா சொல்வாள். கறையை அவள் மனிதர்களைப் போல அடையாளம் காட்டுவாள்.

இதற்கிடையில் ராவுண்ணி நாயர் பம்பாயிலிருந்து ஓய்வு பெற்று வந்தார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அம்பலக் கமிட்டிக்குத் தலைவரானதும் முதலில் உள்முற்றத்தைத்தான் பார்த்தார். கர்க்கடக மாதத்து மழையில் அங்கே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். பாசியில் வழுக்கி விழாத ஆள் இல்லை. ராவுண்ணி நாயரே ஒருமுறை தேவருக்கு முன்னால் விழுந்து, அது நமஸ்காரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. முற்றத்தை மண்ணிட்டு உயர்த்திக் கருங்கல் பாவ வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

கல் பாவ வந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். சுறுசுறுப்பானவர்கள். அவர்கள் வேலை செய்த நாட்களில் உள்முற்றத்தை ஓலைத் தட்டியால் மறைத்திருந்தார்கள். கிழக்கு வாசலில் ஒரு பலகை போட்டு மாலையை அதில் வைக்கச் சொன்னார்கள். செறியம்மா தன் அண்ணனிடம் சொல்லிவைத்தாள்.

"ஏட்டா, நம்ம படிகிட்ட வேலை செய்யும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க."

"கல்லை யார் தூக்கிட்டுப் போகப் போறா? நீ போய்ப் பூவைக் கட்டு" என்றார் என் தாய்மாமன் சேகர அம்மாவன். அவர் சண்டைக்குப் பயந்தவர். மழைக்குக் கூடக் குடையை விரிக்க யோசிப்பார், பக்கத்தில் நிற்கிறவர் மீது படுமோ என்று.

விஷுவுக்கு முன்பு வேலை முடிந்தது. தந்திரி வந்து தளத்தைச் சுத்தமாக்கச் சுத்தி கலசமும் புண்ணியாகமும் நடத்தினார். சாந்திக்காரர் தேவரைத் தலையில் ஏந்திச் சுற்றிவரும் காலைச் சீவேலியும் நடந்தது. நடுப்பகல் உச்சபூஜைக்கு வாரியத்து மாலை ஏற வேண்டும். என் மகனுக்கு அன்றுதான் அம்பலத்தில் முதல் சோறு ஊட்டுவதாக இருந்தது. அதனால் நானும் அம்மாவும் திருச்சூரிலிருந்து வந்திருந்தோம். ஊரே உள்ளே வந்து புதுக் கல்லைக் காலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

செறியம்மா குளத்தில் முங்கி, ஈரமுண்டோடு மாலையை ஏந்திக்கொண்டு நடையைத் தாண்டி வந்தாள். சோபானத்தின் முன்னால் வந்தாள். குனியப் போனவள் நின்றுவிட்டாள்.

அடிப்படி அங்கே இல்லை. உயர்த்திய தரை அதை மூடிவிட்டது. யாளியின் வாய்க்குக் கீழே இருந்த இடம் இப்போது சமதளம். இரண்டாவது படியாக இருந்தது இப்போது கீழ்ப்படியாக இருந்தது.

"என்ன நிக்கறீங்க வாரஸ்யாரே? வையுங்க" என்றார் ராவுண்ணி நாயர்.

"எங்க வைக்க?"

"இதோ, இங்கதான்."

"இது தரை."

"புண்ணியாகம் பண்ணின தரை. உங்க அடுக்களையைவிடச் சுத்தம்."

"சுத்தமான தரை. இல்லன்னு சொல்லலயே. தரைன்னுதானே சொன்னேன்."

மேலே கருவறை வாசலில் பவத்ராதன் நம்பூதிரி நின்றிருந்தார். சுகபுரத்துப் பக்கத்து இளைஞர். சாந்திக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்காது, வேலையும் இன்னும் நிலைக்கவில்லை. அவர் ஒருமுறை கையை நீட்டினார். நீட்டியது தவறு என்று தோன்றியிருக்க வேண்டும், பின்னால் இழுத்துக்கொண்டார். படிக்குப் பக்கத்தில் அப்பு மாரார் இடக்கையைக் கொட்டிப் பாடிக்கொண்டிருந்தார். மாலை ஏறி நடை சாத்தும்வரை பாட்டு நிற்கக் கூடாது.

சேகர அம்மாவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இட்டிச்சிரி, ஊர் பாக்குது. மானத்தை வாங்காதே. வச்சுட்டு வா. நாளைக்குப் பேசிக்கலாம்."

"இன்னிக்குத் தரையில வச்சா நாளைக்குப் பேச என்ன இருக்கு ஏட்டா? 'நேத்து வச்சியே'ம்பாங்க."

அது சரியாகத்தான் இருந்தது. அம்மாவன் தோள்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையை அவள் இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தாள். உண்டமாலை கனமானது. ஈரத் துளசியும் சேர்ந்தால் கைக்குழந்தை எடை இருக்கும். அதை மார்போடு அணைக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. நான் இடுப்பில் என் பையனை வைத்துக்கொண்டு நின்றேன். கனம் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இடுப்பை மாற்றிக்கொண்டேன். அவளுக்கு மாற்ற இடமில்லை. இன்று அவள் அந்த மாலையைத் தரையில் வைத்தால் வாரியத்துக்கு இனிச் சோபானத்தில் இடமில்லை. வைக்காவிட்டால் தேவரின் உச்சபூஜை அவளால் முடங்கியது என்று பேர். இரண்டும் அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

அப்பு மாரார் பாட்டின் நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில் சொன்னார்: "யாராச்சும் ஒரு முடிவு சொல்லுங்க. தெரிஞ்ச கீர்த்தனம் எல்லாம் தீந்துபோச்சு. இனி ஷொர்ணூர் பஸ் வர நேரத்தைத்தான் பாடணும்."

சிலர் சிரித்தார்கள். செறியம்மாவும் சிரித்தாள். கை மட்டும் அசையவில்லை.

ராவுண்ணி நாயருக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு காரியம் பண்ணலாம். இப்ப கீழ இருக்கே, அந்தப் படியிலயே வையுங்க. முன்ன வச்சதைவிட ஒரு படி மேல. கமிட்டி பேர்ல நான் சொல்றேன். உங்களுக்கு ஏத்தம்தானே, எறக்கம் இல்லியே?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. வாரியத்துக்கு ஒரு படி கூடுகிறது என்றால் பொறாமைப்பட ஆள் இருந்தார்கள். சேகர அம்மாவனுக்கு உயிர் வந்தது. "கேட்டியா? இனி என்ன வேணும் உனக்கு?"

என் அம்மாவும் என் காதில், "வாங்கிக்கிட்டா நல்லது" என்றாள்.

செறியம்மா கேட்டாள்: "அது சாந்திக்காரங்க கால் வைக்கற படி. அவங்க கால் படற எடத்துல தேவர் மாலையை வைக்கவா?"

"அவர் கொஞ்சம் தள்ளிக் கால் வச்சுக்குவார்."

"சரி. அதை எனக்கு யார் தராங்க?"

"கமிட்டி தருது. நான் சொல்றேனே."

"அடுத்த வருஷம் வேற கமிட்டி வரும். எறக்கி வைன்னா எறக்கி வைக்கணும். தந்ததை எடுக்கத் தந்தவங்களுக்குத் தெரியும், ராவுண்ணி நாயரே. எங்க படியை எங்களுக்கு யாரும் தரல. அதனால அதை எடுக்கவும் யாராலயும் முடியல, நீங்க கல்லைப் போட்டு மூடற வரைக்கும். மேல்படி எனக்கு வேண்டாம். அது எங்களுது இல்ல. எங்களுது இந்தக் கல்லுக்கு அடியில இருக்கு. அதைக் காட்டுங்க, வச்சுட்டுப் போறேன்."

இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுக்களையில் உப்பு எங்கே என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் உள்முற்றம் முழுக்கக் கேட்டது. ஒரு படி ஏற்றித் தருகிறேன் என்றதை வேண்டாம் என்று சொன்ன ஆளை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

உச்சி வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தது. அவள் முண்டு உடம்பிலேயே காயத் தொடங்கியது. ஈரம் காய்ந்துவிட்டால் மாலையும் செல்லாது, மறுபடி குளத்துக்குப் போக வேண்டும். போனால் அந்த இடம் காலியாகிவிடும். அதுவரை என் காதில் அவளைத் திட்டிக்கொண்டிருந்த என் அம்மா, சட்டென்று போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கையைத் தொடாமல், எட்ட நின்று, அவள் தோளில் ஊற்றினாள். மாலையில் ஒரு சொட்டுப் படாமல் பார்த்து ஊற்றினாள்.

"உன் முதுகுப் பக்கம் இன்னும் காஞ்சிருக்கு, திரும்பு" என்றாள்.

"திரும்ப மாட்டேன். நீ சுத்தி வா."

அம்மா சுற்றி வந்து ஊற்றினாள். புதுக் கல்லில் தண்ணீர் ஓடி ராவுண்ணி நாயரின் காலை நனைத்தது.

மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தந்திரி எழுந்து வந்தார். வயதானவர். அவருக்கும் இது இக்கட்டுதான். புண்ணியாகம் செய்து முடித்த தளத்தைப் பெயர்த்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அவர் வாய் திறப்பதற்குள் மேலே நின்ற பவத்ராதன் நம்பூதிரி பேசினார்.

"திருமேனி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்" என்றார் தந்திரி.

"காலைல சீவேலிக்கு எறங்கும்போது..." அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "திடம்பு தலையில இருந்துது. குனிஞ்சு பாக்க முடியாதே. கால்தான் வழி பாக்கணும். கடைசிப் படி இருக்குன்னு கால் போச்சு. படி இல்ல. தரை வந்து முட்டிச்சு. திடம்பு ஒரு பக்கம் சாஞ்சுது. கையால பிடிச்சு நிறுத்திட்டேன்."

தேவரின் உற்சவ மூர்த்தியைப் பதித்த திடம்பு அது. அது தலையில் சாய்ந்தது என்றால் சாந்திக்காரருக்குப் பிராயச்சித்தம் உண்டு. நிலைக்காத வேலையில் இருக்கிறவருக்கு அதற்கு மேலும் உண்டு.

"யாரும் பாத்த மாதிரி இல்லியே" என்றார் தந்திரி.

"அதனாலதான் சொல்லாம இருந்தேன். இப்ப இவங்க நிக்கறதைப் பாத்தா சொல்லாம இருக்க முடியல. இவங்க கண்ணு தேடற அதே படியைத்தான் காலைல என் காலும் தேடிச்சு."

"நான் பாத்தேன்" என்றார் அப்பு மாரார், கொட்டுவதை நிறுத்தாமல். "புது முண்டு தடுக்கிச்சுன்னு நெனச்சேன். பாவம்னு ஒரு தாளம் கூடப் போட்டேன்."

தந்திரி சோபானத்தின் அடியில் வந்து நின்று புதுக் கல்லைப் பார்த்தார். யாளியின் வாயைப் பார்த்தார். பிறகு செறியம்மாவைப் பார்த்தார்.

"இருந்த எடத்துல படியைத் தேடினா அது கால் செஞ்ச தப்பு இல்ல. உமக்குப் பிராயச்சித்தம் வேண்டாம்" என்றார் மேலே பார்த்து. அப்புறம் ராவுண்ணி நாயரிடம், "அந்த ரெண்டு கல்லையும் எடுங்க. கலசம் நான் மறுபடி பண்ணிக்கறேன். வந்தது வந்தாச்சு, ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போறேன்" என்றார்.

கல் பாவியவர்கள் ரயிலேறிப் போய்விட்டிருந்தார்கள். ராவுண்ணி நாயர் யாரையும் கூப்பிடவில்லை. சட்டை இல்லாத வெறும் உடம்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரே கடப்பாரையைப் பிடித்தார். தான் போட்ட கல்லைத் தானே பெயர்க்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. அவர் முகத்தைக் காட்டவில்லை. கல் நெம்பி வரும்போது சேகர அம்மாவன் மறுபக்கம் கை கொடுத்தார். அடியில் மணல். மணலைக் கையால் அள்ளினார்கள். அப்புறம் அடிப்படி தெரிந்தது. சிமெண்டுப் பால் வழிந்து வெளுத்திருந்தது, கறையைக் காணவில்லை.

இரண்டு கல் பெயர்ந்து மணல் விலகும்வரை செறியம்மா அதே இடத்தில் நின்றாள். உதவிப் பூசாரியான கீழ்ச்சாந்தி தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் படியைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வட்டம் மெல்ல மேலே வந்தது.

"போதும். ரொம்பத் தேய்க்காதீங்க. அதுவும் போயிடும்" என்றாள் செறியம்மா.

பிறகு குனிந்து, அந்த வட்டத்தின் மேல் நாக்கிலையோடு மாலையை வைத்தாள். வைத்த பிறகும் கைகள் அதே வளைவில் நின்றன. மடக்க வரவில்லை. பவத்ராதன் நம்பூதிரி படியிறங்கி வந்தார். கடைசிப் படியில் அவர் கால் நிற்கும் விதம் எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து சேர்ந்த கால் மாதிரி. மாலையை எடுத்துக்கொண்டு ஏறினார். நடை சாத்தியது. அப்பு மாரார் பஸ் நேரத்துக்குப் போகாமல் பாட்டை முடித்தார்.

என் பையனுக்குச் சோறு ஊட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பசியில் அவன் அழுத அழுகையை அம்பலத்தில் இன்றும் சொல்வார்கள். அவனை மடியில் வைத்து முதல் வாய் ஊட்ட வேண்டியவர் சேகர அம்மாவன். அவர், "இன்னிக்கு இவ ஊட்டட்டும்" என்று தங்கையைக் காட்டினார். மாமன் செய்ய வேண்டியதைச் சிற்றம்மை செய்வது வழக்கமில்லை. செறியம்மாவுக்கு விரல் மடங்கவில்லை. என் அம்மா அவள் கையைப் பிடித்துச் சோற்றை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கர்க்கடகத்தில் புதிய சிக்கல் வந்தது. படியைச் சுற்றிப் பெயர்த்த இடம் குழி. முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து நின்றது. படி முங்கிவிட்டது.

"வாரஸ்யாரே, உங்க படி குளிக்குது. மாலையை மிதக்க விடுங்க" என்றார் ராவுண்ணி நாயர்.

"மிதந்து உங்க வீட்டு வாசலுக்கு வரும். எடுத்துக் கழுத்துல போட்டுக்குங்க, பம்பாய்ல கூட யாரும் போட்டிருக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

மறுநாளே அவர் ஆள் வைத்து, தளத்துக்கு அடியில் ஓவு என்ற வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியே ஓட விட்டார். தன் கைக்காசு போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவரிடம் கேட்டால் இல்லை என்பார்.

பவத்ராதன் நம்பூதிரிக்கு அந்த வருடமே சாந்தி நிலையானது. செறியம்மாவுக்கு இன்று தலை முழுக்க வெள்ளை. அச்சுத வாரியருக்கு அவள் சொன்ன மாதிரியே கடைசி மாலையைக் கட்டிப் போட்டாள், அழாமல் கட்டினாள், கட்டி முடித்துவிட்டு அழுதாள். அவள் மகள் ஸ்ரீகுமாரி ஒற்றப்பாலத்தில் பாங்கில் வேலை பார்க்கிறாள். அதிகாலையில் மாலை கட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். உச்சபூஜைக்கு மட்டும் அம்மாவே போகிறாள். முட்டி வலிக்குமே என்று யார் சொன்னாலும் குனிந்து அந்த அடிப்படியில்தான் வைக்கிறாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பளபளப்பான தளத்தில் சோபானத்துக்கு முன்னால் மட்டும் ஏன் இந்தப் பள்ளம் என்று கேட்பார்கள். பதில் சொல்ல ராவுண்ணி நாயருக்குத்தான் முன்னுரிமை. வேறு யாரையும் சொல்ல விடமாட்டார். கதையில் தன் கடப்பாரையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார், அதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. போன வருடம் அவருடைய மருமகன், இஞ்சினியர், பள்ளத்தில் யாராவது கால் இடறுவார்கள், மேலே ஒரு கண்ணாடிப் பலகை போட்டுவிடலாம், படியும் தெரியும், தரையும் சமமாகும் என்றான்.

"போட்டுப் பாரு" என்றார் ராவுண்ணி நாயர். "போட்டா அந்தம்மா மாலையைக் கையிலயே வச்சுக்கிட்டு நிப்பாங்க. கல்லைத் தூக்கின முதுகு எனக்கு இன்னும் சரியாகல. இந்தத் தடவை தூக்கறது நீதான்."